தர்மபுரியில் தோட்டம் போட்ட துரை

கெங்கவல்லிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்தால், ஜாதகக் கட்டுகளுக்கு அடியில் பட்டா ஒன்று பத்திரமாயிருக்கும். நடுவில் ஜமீன்தார் ஒருவரை நிறுத்தாமல், ஒவ்வொரு குடியின் பெயரிலும் நேரே நிலத்தையும் தீர்வையையும் எழுதும் இந்த ரயத்துவாரி முறை நமது சேலம் சீமையில் உருவெடுத்ததாகும். அதை உருவாக்கியவர் காப்டன் ரீடு. அதற்கு உயிர் கொடுத்தவர் அவருடைய உதவியாளரான ஸ்காட்லாந்து தேசத்து வாலிபர் தாமஸ் மன்றோ.

மன்றோ 1761-ல் கிளாஸ்கோ நகரில் ஒரு வியாபாரியின் மகனாய்ப் பிறந்தார். அமெரிக்கா சுதந்திரப் போர் தொடுக்கவே, தகப்பனாரின் புகையிலை வியாபாரம் நொடித்தது. பிழைப்புத் தேடி, 1780-ல் கம்பெனிப் படையின் கடைசிப் படியில் சென்னை வந்து சேர்ந்தார். சற்றுச் செவி மந்தம். ஆனால் குடிகள் சொல்வதை மற்றெந்தத் துரையையும்விட அதிகமாகக் கேட்டவர் இவரே என்பது வேடிக்கை.

1792-ல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. ஏழாண்டுகள் மன்றோ ஊர் ஊராகச் சென்று நிலம் அளந்து தீர்வை விதித்தார். தர்மபுரியில் தம் கையால் வளர்த்த தோட்டத்தை விட்டு 1799-ல் கன்னடத்துக்குப் போகும்போது மனம் வருந்தினாராம். அவர் சென்ற சில ஆண்டுகளுக்குள் கம்பெனியார் சேலத்தை மிட்டாக்களாக்கி ஏலம் போட்டதும், மிட்டாதார் பலர் திவாலானதும் நம்மவர் அறிந்த கதை.

மன்றோவின் தீர்வை மட்டும் இலேசாயிருந்ததா? இல்லை. கடப்பை, பல்லாரிச் சீமைகளில் தாம் விதித்ததே பளு என்று கண்டு, காற்பங்கு தள்ளவேண்டுமென்று 1807-ல் அவரே எழுதினார். கம்பெனியார் செவி சாய்க்கவில்லை; அவர் கவர்னரான பிறகே அது நடந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அப்பளுவைச் சுமந்தவர் யார் என்பதை அவரைப் புகழும் ஆங்கில ஆசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆயினும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. 1813-ல் பார்லிமெண்டு விசாரணையில், நாகரிகமும் ஒரு சரக்காக விற்கப்படுமானால் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்வதால் இங்கிலாந்துக்கே லாபம் என்று சாட்சி சொன்னார். சென்னைக் கவர்னராயிருந்து 1824 டிசம்பர் 31-ல் எழுதிய குறிப்பில், உயர்ந்த உத்தியோகங்களை மறுத்து ஒரு ஜனசமூகத்தையே தாழ்த்துவதைவிட ஆங்கிலேயர் இந்நாட்டினின்று துரத்தப்படுவதே மேல் என்றார். காங்கிரஸ் மகாசபை பிறக்க அப்போது அறுபத்தோராண்டு இருந்தது!

உபாத்தியாயனாகிய என்னை அதிகமாகக் கவர்ந்தது வேறொன்று. 1822-ல் ராஜதானியின் பள்ளிக்கூடங்களை யெல்லாம் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். பள்ளி வயதுச் சிறுவரில் நாலில் ஒருவன் பள்ளியில் படித்தான். வீட்டில் கற்றோரையும் சேர்த்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவன். சமீப காலம்வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் நிலை இதனினும் தாழ்வு என்று அவரே ஒப்பினார். இவையெல்லாம் கம்பெனி கட்டியவை யல்ல. நமது திண்ணைப் பள்ளிக்கூடங்கள். பெண்களின் தொகை மட்டும் மிகச் சொற்பம். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

ஆசிரியரோ மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் காணாதவர். வறுமையும் ஆதரவின்மையுமே கல்வியை நலியச் செய்கின்றன என்று கண்ட மன்றோ, தாசில் பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது ரூபாயும், ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாயும் சர்க்கார் சம்பளமாகத் தர 1826-ல் திட்டம் வகுத்தார்.

மறுவருஷம் ஜூலை 6-ல், பழைய குடிகளிடம் விடைபெறச் சென்ற வழியில், பட்டிக்கொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். அப்பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் சூட்டினார்கள். கம்பெனியாரோ அவருடைய பள்ளிக்கூடங்களை 1836-ல் கைவிட்டனர். 1839-ல் சென்னையில் அவருக்கு வெண்கலச் சிலை நாட்டினர். சேணமில்லாத குதிரைமேல் அவர் இன்றும் வீற்றிருக்கிறார்.