வகுப்பறையின் எதிர்முழக்கத்தை அளத்தல்

ஆசிரியர் உரக்கப் பேசியும் பின்வரிசை மாணவருக்குச் சொற்கள் தெளிவாகக் கேளாத வகுப்பறைகள் உண்டு. குறை பல வேளைகளில் குரலிலன்று, சுவர்களிலேயே உளது. வழுவழுப்பான சுவரும் தரையும் ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிப்பதால், ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடுகிறது. குரலை உயர்த்தினால் முழக்கமும் உடன் உயரும்.

ஒலி எழுப்புவது நின்றபின் ஒலிமட்டம் 60 டெசிபெல் தணிய ஆகும் காலமே எதிர்முழக்க நேரம் எனப்படும். ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக் கூடமொன்றை 1895-இல் ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், ஆர்கன் குழலின் ஒலி அக்காலிக் கூடத்தில் ஏறத்தாழ 5.6 நொடி நீடித்ததைத் தம் செவியாலேயே அளந்தார்.

இன்று இப்பணியைக் கணினி மென்பொருள் செய்கிறது. ஒலிபெருக்கி தாழ்சுருதியிலிருந்து உச்சசுருதி வரை ஒலியெழுப்ப, ஒலிவாங்கி பதிந்ததைக் கொண்டு மென்பொருள் ஒலி தணியும் கோட்டை வரைகிறது. சுற்றுப்புற இரைச்சலால் 60 டெசிபெல் தணிவு முழுதும் தென்படுவது அரிது. ஆதலின், ஐ.எஸ்.ஓ. 3382 தரப்படி, 5 முதல் 35 டெசிபெல் வரை தணியும் காலத்தை அளந்து இரட்டிப்பர். இதுவே டி30.

அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை முற்றும் உறிஞ்சும் பரப்புக்குச் சமமான அளவால் வகுத்தாலும் இந்நேரம் கிடைக்கும். 150 கன மீட்டர் அறையில் அப்பரப்பு 12 சதுர மீட்டராயின் 2 நொடி. 40 ஆயின் 0.6 நொடி. இத்தகைய வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் விதிக்கும் மேல்வரம்பும் 0.6 நொடியே.

தடித்த திரைகளும் நுண்துளைக் கூரைப் பலகைகளும் ஒலியை உறிஞ்சும், மாணவரும் உறிஞ்சுவர். எனவே, அளக்கும்போது அறை காலியாக இருந்ததா என்பதைக் குறித்திடுக. திருத்தத்திற்கு முன்னும் பின்னும் அளந்தாலன்றிப் பயன் புலப்படாது.