கார் ஷெட்டில் ஒரு விமானம்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1973-இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். விற்றது விமானத்தை அல்ல, வரைபடங்களையும் உதிரிகளையும். வாங்கியவர்கள் கார் ஷெட்டில் வைத்து வருடக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி உருவாகிப் பறந்த 'ஆர்.வி.' விமானங்கள் இன்று 11,000-க்கும் மேல்.

இருவர் அமரும் ஆர்.வி.-7-இன் காலி எடை சுமார் 500 கிலோ. மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஆனால் அதன் அலுமினியத் தோல், பெரும்பாலும் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். நாம் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு அளவு. அதற்குள்ளும் ஒரு தந்திரம் இருக்கிறது. வலுவுக்காகச் செம்பு கலந்த உலோகம் எளிதில் அரிக்கப்பட்டுவிடும் என்பதால், இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் போர்த்தியிருக்கிறார்கள்.

இந்தத் தகட்டைப் பற்றவைத்தால் சூட்டில் வலு போய்விடும். எனவே தறையாணிகள், அதாவது ரிவெட்டுகள். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்! துளை போட்டதும் ரிவெட் அடித்துவிட முடியாது. தகடுகளைப் பிரித்து ஒவ்வொரு துளையின் பிசிறையும் சுரண்ட வேண்டும். பிசிறு இருந்தால் அந்த இடத்தில் விசை குவியும். பல வருட அதிர்வில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பிறகு ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிக்க, மறுபுறம் இன்னொருவர் வழவழப்பான எஃகுக் கட்டியை வாலில் அழுத்திப் பிடிப்பார். வாலை நசுக்குவது அந்தக் கட்டியின் கனம்தான். 3.2 மி.மீ. தண்டு முதலில் பருத்துத் துளையை இடைவெளியின்றி நிரப்புகிறது, அப்புறம்தான் 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் உள்ள பொத்தானாகத் தட்டையாகிறது. அகலம் தண்டைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி: இதுதான் கணக்கு. விமானத்தின் குறுகலான வால்பகுதிக்குள் கையை விடும் வேலை பெரும்பாலும் மனைவிக்கோ மகனுக்கோ வந்துசேரும்.

இறக்கையின் முன்விளிம்பே பெட்ரோல் தொட்டி. மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள கறுப்புப் பசையால் அதன் மூட்டுகளை அடைக்கிறார்கள். ஒழுக்கு உண்டா என்று பார்க்கும் கருவி? பிறந்தநாள் பலூன்! தொட்டியின் ஒரு வாயில் அதை மாட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடிப்பார்கள். பலூன் சுருங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைத் தேட வேண்டும். ராத்திரி குளிர்ந்தாலும் பலூன் சுருங்கும் என்பதால், நல்ல தொட்டியைச் சந்தேகப்பட்டுத் தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

கடைசியில் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றி, புவியீர்ப்பு மையத்தைக் கணக்கிடுவார்கள். அது வரம்பு தாண்டிப் பின்னால் போனால் மூக்கை அடக்கியாள்வது கடினம்.

பாதிக்கு மேற்பட்ட வேலை அமெச்சூர் கைகளால் நடந்ததென்று காட்டினால் அரசு 'சோதனை வகை' சான்று தரும். கட்டியவர் தம் விமானத்தின் வருடாந்தரச் சோதனையைத் தாமே செய்யவும் தனி உரிமம் பெறலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமம் கூடவே போகாது. வாங்கியவர் சோதனைக்கு உரிமமுள்ள மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும், அல்லது கட்டியவரையே திரும்பக் கூப்பிட வேண்டும்.