மூன்று அணாவும் பதினைந்து அணாவும்

“தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வருவானேன்? வேலையற்ற வேலை!” எதிர்க்கட்சிகளைப் பற்றி ரயிலிலும் காபி ஓட்டலிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. 1963 ஆகஸ்டில் டில்லியில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நேரு சர்க்காரின் மீது முதன் முதலாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த மாதம் அது. சீன யுத்தத்தில் பட்ட அடி ஆறாத நேரம். தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் ஆச்சார்ய கிருபளானி. சுதந்திரம் வந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவரே அவர்தான். அவ்வாண்டு இடைத்தேர்தல்களில் வென்று அவரும், சோஷலிஸ்ட் தலைவர் டாக்டர் லோகியாவும், சுதந்திராக் கட்சியின் மினு மசானியும் லோக்சபைக்கு வந்திருந்தனர். நான்கு நாள் விவாதம். முடிவில் தீர்மானத்துக்கு ஆதரவாக 62 ஓட்டுகள், எதிராக 347.

சராசரியில் மறைந்த ஏழை

ஓட்டுக் கணக்கு அத்துடன் முடிந்தது. அணாக் கணக்கு முடியவில்லை. நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்றார் லோகியா. இல்லை, பதினைந்து அணா என்றார் நேரு. புதுக்காசில் சொன்னால் ஒன்று சுமார் 19 பைசா, மற்றது சுமார் 94 பைசா.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சராசரி என்பது ஏழையை மறைத்துவிடும் என்பதே லோகியாவின் வாதம். மில் முதலாளியின் வருமானத்தையும், மில் வாசலில் கடலை விற்பவரின் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால், கடலை விற்பவரும் லட்சாதிபதிதான்! பிறகு ஏழரை அணா என்ற கணக்கும் சர்க்கார் தரப்பிலிருந்து வந்தது. நாட்டின் வருமானம் பெருகியது சரி, யாருக்குப் பெருகியது என்ற கேள்வி சபையைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. 62 ஓட்டுகள் செய்த வேலை அது. இப்படிப்பட்ட பரீட்சை அவ்வப்போது நடப்பது நல்லதே என்று அந்த விவாதத்தில் நேருவும் கூறினார்.

சட்டம் தந்த இடம்

சர்க்கார் செலவைத் தணிக்கை அறிக்கையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு. 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சிக்கு வந்தது. முதலில் அப்பதவி வகித்தவர் அதே மசானி. எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளமும் அந்தஸ்தும் அளிக்கும் சட்டம் 1977ல் வந்தது. ஆனால் சபையில் பத்தில் ஒரு பங்கு இடமாவது வேண்டும் என்ற வழக்கத்தால், 2014 முதல் 2024 வரை லோக்சபையில் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

அந்தஸ்து கிடைத்தால் மட்டும் போதாது. லோகியா எழுந்தது கணக்கோடு. கூச்சலால் சபை ஒத்திவைக்கப்பட்டால் லாபம் யாருக்கு? பதில் சொல்ல வேண்டிய மந்திரிக்குத்தான்! அதே போல், கேள்வி கேட்பவரைத் தேசத் துரோகி என்று ஏசுவதும் ஆளும் கட்சிக்கு அழகல்ல.

மாதப் பிறப்பில் மளிகைக் கடைச் சிட்டையை ஒரு தரம் கூட்டிப் பார்த்த பிறகே குடும்பஸ்தர் பணம் கொடுக்கிறார். கடைக்காரர் திருடர் என்பதால் அல்ல, கொடுப்பது வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் என்பதால். நாட்டின் சிட்டையைக் கூட்டிப் பார்க்கும் வேலையே எதிர்க்கட்சியின் வேலை.