கழற்றி மாட்டும் பிராசசர் இனி கிடைக்குமா?

நம்ம லேப் மூலையில் ரெண்டு பழைய கம்ப்யூட்டர் கிடந்ததே, ஞாபகம் இருக்கா? ஒன்றில் மதர்போர்டு போச்சு. இன்னொன்றில் செலரான் பிராசசர், ஆமை வேகம். போன மாதம் சார் முதலாவதில் இருந்த கோர் 2 டுவோவைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். இப்போ நல்லா ஓடுது!

காரணம், போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட். ரெண்டிலும் இன்டெல் 2004-ல் கொண்டுவந்த எல்ஜிஏ 775. பின்களின் எண்ணிக்கைதான் பெயர். ரொம்ப மெல்லிசு, செத்த போர்டில் நான் ரெண்டை வளைத்துவிட்டேன்.

இப்போதைய லேப்டாப்பில் இது நடக்காது. பிராசசரைப் போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள். ஒன்று போனால் ரெண்டும் போச்சு. டெஸ்க்டாப்பும் இப்படி ஆகும் என்று 2012-லேயே பேச்சு வந்தது; இப்போதைக்குச் சாக்கெட் தொடரும் என்றது இன்டெல். ஆனால் 2020-ல் வந்த ஆப்பிள் எம்1-ல் மெமரியும் பிராசசரோடு சேர்ந்துவிட்டது. வேகம் கூடும், கரண்ட் மிச்சம், உண்மைதான். பிறகு மெமரியைக் கூட்ட முடியாதே!

சாக்கெட் இன்னும் சாகவில்லை. ஏஎம்டிக்கு 2022-ல் ஏஎம்5, இன்டெலுக்கு 2024-ல் எல்ஜிஏ 1851 வந்தன. ஆனால் 2021-ல் வந்த எல்ஜிஏ 1700 போர்டில் 1851 பிராசசர் உட்காராது. சாக்கெட் இருந்தும் போர்டை மாற்றணும்னா என்ன லாபம்?

கழற்றிய செலரான் லேப் மேஜையில் இருக்கு, வந்து பாருங்க. அடியில் உள்ள தங்க நிறப் பொட்டுகளைத் தொடாதீங்க!