சூடு எங்கே விழ வேண்டும்?

உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருக்கிறதா? கதவைத் திறந்து, உட்பக்கத்தில் தகடு மடிந்திருக்கும் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் மிளகளவு வட்டத் தழும்புகள் வரிசையாகத் தெரியும். எவர்சில்வர் தூக்குச்சட்டியின் காது ஒட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கும் அதே போன்ற தழும்புகள் இருக்கும். அங்கே ஆணி இல்லை, ரிவெட் இல்லை, ஈயப் பற்றும் இல்லை. பின் இரண்டு தகடுகளும் எப்படி ஒன்றாக நிற்கின்றன?

இது புள்ளிப் பற்றவைப்பு. பட்டறைகளில் 'ஸ்பாட் வெல்டிங்' என்பார்கள். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் இரண்டு செம்பு முனைகளால் அழுத்திப் பிடித்து, கண் சிமிட்டும் நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறார்கள். தகடுகள் தொடும் இடத்தில் இரும்பு உருகி, துவரம் பருப்பு போன்ற ஒரு சிறு கட்டியாக உறைகிறது. அந்தப் பருப்புதான் தகடுகளைப் பிடித்துக்கொள்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது கொல்லர் உலையின் தம்பி. பொருநைக் கரைக்கு இரும்பு புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு இரும்பு வாள்களும் வேல்களும் கிடைத்திருக்கின்றன. கிராமத்துக் கொல்லர் இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்சூடாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார். சூடு, அழுத்தம் இரண்டும் போதும்; மூன்றாவதாக ஒரு பசை வேண்டியதில்லை. நம் எந்திரத்திலும் அதே இரண்டுதான். உலையின் இடத்தில் மின்சாரமும் சம்மட்டியின் இடத்தில் கால் மிதியும் வந்திருக்கின்றன.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்றால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எலிஹு தாம்சன் என்பவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1877-இல் அந்நகரின் பிராங்ளின் நிலையத்தில் மின்சாரம் பற்றிச் செயல்முறையோடு சொற்பொழிவுகள் ஆற்றினார். அப்போது ஒரு மின்சுருளில் மின்னிறக்கம் செய்தபோது, மறுபக்கத்துத் தடித்த கம்பியின் இரு நுனிகள் தாமே ஒட்டிக்கொண்டன. மற்றவர் என்றால் கம்பியைப் பிய்த்தெறிந்துவிட்டு மேலே போயிருப்பார். தாம்சன் அதை மனத்தில் வைத்திருந்து, 1886-இல் காப்புரிமை பெற்றார்.

சூடு எதனால் உண்டாகிறது? உங்கள் பாடப் புத்தகத்தில் ஜூல் விதி இருக்கிறது: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தை இங்கே வேலை வாங்கிப் பார்ப்போம்.

1 மி.மீ. கனமுள்ள இரண்டு இரும்புத் தகடுகள், அவற்றின் ஊடே 8,000 ஆம்பியர், நேரம் 0.2 விநாடி. தகடுகளின் தடை சுமார் 0.0001 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 × 8,000 × 0.0001 × 0.2 = 1,280 ஜூல். 5 மி.மீ. அகலமுள்ள ஒரு பருப்பை உருக்க 250 ஜூல் அளவுக்குப் போதும். மிச்சத்தைச் சுற்றியுள்ள தகடும் செம்பு முனைகளும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. அதனால்தான் எல்லாம் சட்டென்று முடிய வேண்டும். மெதுவாகக் காய்ச்சினால் உருகுவதற்குள் சூடு பரவிவிடும்.

8,000 ஆம்பியரா என்று மலைக்க வேண்டாம். பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணியின் வீழ்ச்சி மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் மின்நிலையத்தை விட்டுப் புறப்படும்போது பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. ஊருக்குள் வரும்போது 415 வோல்ட்டாகவும் 230 வோல்ட்டாகவும் இறக்கப்படுகிறது. பற்றவைப்பு எந்திரத்துக்குள் இருக்கும் மின்மாற்றி அதை இன்னும் ஒரு படி இறக்கி 3 வோல்ட் ஆக்குகிறது. முதன்மைச் சுருளில் 138 சுற்றுகள், துணைச் சுருளில் ஒரே ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றும் கம்பி அல்ல, கனமான செம்புப் பட்டை. வோல்ட் 138 மடங்கு குறைந்தால் ஆம்பியர் 138 மடங்கு கூடும். ஆகவே கம்பத்திலிருந்து 58 ஆம்பியர் எடுத்தால் முனையில் 8,000 கிடைக்கும். 3 வோல்ட் என்பது இரண்டு டார்ச் செல்களின் அழுத்தம்தான். அதைத் தொட்டால் அதிர்ச்சி இல்லை. ஆனால் சில அங்குலம் தள்ளி, பெட்டிக்குள், 415 வோல்ட் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

காயலான் கடையில் ஒரு நாள்

பாளையங்கோட்டையில் என் நண்பர் ஒருவர் வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை போட்டார். தகட்டுப் பெட்டிகளும் சிறு அலமாரிகளும் செய்வது நோக்கம். புது எந்திரத்துக்குக் கையில் பணம் இல்லை. எனவே பழையது தேடிப் புறப்பட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி, நெல்லைச் சந்திப்புப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அதில் மூழ்கிய எத்தனையோ எந்திரங்கள் பிறகு பழைய இரும்புக்கடைகளுக்கு வந்தன. இந்தக் கடைகளைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். அப்படி ஒரு கடையின் மூலையில், மிதியுள்ள ஒரு பற்றவைப்பு எந்திரம் சேறு காய்ந்து நின்றது.

"காயில் போச்சு அண்ணாச்சி. செம்பு எடைக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

நண்பர் உடனே பேரம் பேசவில்லை. முதலில் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படித்தார். 415 வோல்ட் எந்திரமா, 230 வோல்ட் எந்திரமா என்பது முக்கியம். இதே வேலையை 230 வோல்ட்டில் செய்தால் சுமார் 104 ஆம்பியர் இழுக்கும். வீட்டுக் கம்பி தாங்காது. நண்பர் பட்டறைக்கென்று மும்முனை இணைப்பு தனியாக வாங்கியிருந்ததால் 415 அவருக்குப் பொருந்தியது. பிறகு மூக்கைச் சுருளுக்கு அருகில் வைத்து முகர்ந்தார். நீங்கள் சிரிக்கலாம், ஆனால் கருகிய வார்னிஷ் வாசனை வருடக்கணக்கில் போகாது. அங்கே சேற்று வாசனைதான் இருந்தது. சுருள் நனைந்திருக்கிறதே தவிர எரியவில்லை என்று ஊகித்து, எடைக்கே வாங்கி வந்தார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் இதைக் கையால் செய்து பார்க்க வேண்டாம். மின் வேலை தெரிந்த பெரியவர்கள், இணைப்பை முழுவதும் கழற்றிவிட்டுச் செய்கிற வேலை இது.

வண்டல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எனவே சேறு போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவினார். நீரில் மூழ்கியதைத் திரும்பவும் நீரால் கழுவுவதா என்று தோன்றும். சேறு உள்ளேயே இருந்தால் எத்தனை நாள் காய வைத்தாலும் பயனில்லை. பிறகு சுருளைத் துணிக்கூடாரம் போல மூடி, துணியில் படாதபடி உள்ளே இரண்டு குண்டு பல்புகளை எரியவிட்டு, நான்கு நாட்கள் இளஞ்சூட்டில் வைத்தார்.

காப்புத்தடையை அளக்க மெக்கர் என்ற கருவி உண்டு. முதல் நாள் அதன் முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்திருந்தால் சுருள் உண்மையாகவே எரிந்துபோயிருக்கும். நான்காம் நாள் 20 மெகாஓம் காட்டியது. குறைந்தது 1 மெகாஓமாவது வேண்டும். ஓம் விதிப்படி 415 வோல்ட்டை 1 மெகாஓமால் வகுத்துப் பாருங்கள். கசிவு அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்று தெரியும். பின்பு உடலுக்கும் துணைச் சுருளுக்கும் தடித்த எர்த் கம்பி போட்டார். காப்பு என்றாவது கெட்டால் 415 வோல்ட் செம்புக் கைகளுக்கே வந்துவிடும். அப்போது ஆளைக் காப்பது அந்தக் கம்பிதான்.

ஒட்டாத தகடு

எந்திரம் ஓடியது. ஆனால் தகடு ஒட்டவில்லை. முனைகளை அழுத்தினால் 'டிர்ர்' என்று சத்தம் வந்தது, தகட்டில் நீலநிறம் ஏறியது. விரலால் நெம்பினால் பிரிந்துவிட்டது. சுருள் கட்டுபவர் ஒருவர் வந்து பார்த்து, புதிதாகச் சுருள் கட்டத்தான் வேண்டும் என்றார். அதற்கான கூலியோ எந்திரத்தை வாங்கிய விலைக்கு மேல். நண்பர் முகம் வாடிவிட்டது.

அன்று மாலை அவர் செய்த சோதனையை நான் மிகவும் ரசித்தேன். பத்துப் பதினைந்து முறை மிதித்துவிட்டு, மெயினை அணைத்து, செம்புக் கைகளை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கை குளிர்ச்சி, பட்டை குளிர்ச்சி, ஆனால் மேல் கை மின்மாற்றியோடு போல்ட் போட்டு இணையும் இடத்தில் கையை வைக்க முடியவில்லை!

சூடு உண்டாகிறது, ஆனால் தகட்டில் அல்ல. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு செம்பு முகங்களும் கறுத்தும் பச்சை பூத்தும் இருந்தன. செம்பின் ஆக்சைடும் களிம்பும் மின்சாரத்தை எளிதில் விடா. தகடுகளில் இருக்க வேண்டிய தடை அந்த இணைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதையும் கணக்கிடலாம். 3 வோல்ட்டில் 8,000 ஆம்பியர் என்றால் சுற்று முழுவதற்கும் 0.000375 ஓம். (எல்லாவற்றையும் வெறும் தடையாகவே எடுத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது.) அழுக்கு இணைப்பு இன்னொரு 0.0001 ஓம் சேர்க்கிறது என்போம். மின்னோட்டம் சுமார் 6,300-ஆகக் குறையும். வர்க்கம் அல்லவா? எனவே தகட்டில் விழும் வெப்பம் 62 விழுக்காடுதான். அதே அளவு வெப்பம் யாருக்கும் பயனின்றி போல்ட்டில் விழும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஓம், ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைக்கிறது!

மருந்து மிக எளியது. பூஜைச் சொம்பை அம்மா எதனால் தேய்க்கிறார்கள்? புளியால்தானே. புளியில் இருக்கும் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. நண்பரும் கழற்றிய துண்டுகளைப் புளியில் ஊற வைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி உலர்த்தி, சமமான கட்டையில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி முகங்களைத் தட்டையாக்கினார். பளபளப்பு மட்டும் போதாது; மேடு பள்ளம் இருந்தால் தொடும் பரப்பு குறையும். தாமிரம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஆற்றங்கரையில் புளி போட்டுச் செம்பு தேய்ப்பது பொருத்தம்தான் என்று சொல்லி அவர் சிரித்தார்.

முனைகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் தடவை அழுத்தி அழுத்தி அவை காளான் போல விரிந்திருந்தன. 5 மி.மீ. அகலம் 7 மி.மீ. ஆனால் என்ன என்று நினைக்காதீர்கள். பரப்பு 25-க்கு 49 என்ற விகிதத்தில், ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பாதி மின்னோட்டம்தான். முனைகளை லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். குளிர்நீர் ஓடும் துளையில், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல உப்புப் படிந்திருந்தது. யாரோ ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரையே விட்டிருக்கிறார்கள். அதையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்.

கடைசியாக மிதியின் வில். மிதித்தால் முதலில் முனைகள் தகட்டை இறுக்க வேண்டும். அதன் பிறகே மின்சாரம் வர வேண்டும். விடும்போது முதலில் மின்சாரம் நிற்க வேண்டும். உருகியது உறைந்த பிறகே முனைகள் பிரிய வேண்டும். வில் தளர்ந்தால் இந்த வரிசை கெட்டுத் தீப்பொறி பறக்கும், முனை தகட்டோடு ஒட்டும். வில்லை மாற்றினார். பொறி எப்போதாவது பறக்கத்தான் செய்யும் என்பதால் கண்ணாடி அணியாமல் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்வார். அத்தனை ஆம்பியரைச் சுற்றிக் காந்தப்புலம் சாதாரணமாக இராது. நாக முலாம் பூசிய தகட்டின் புகை கெடுதலானது. ஆகவே அதைத் திறந்த வெளியில்தான் ஒட்டுவார்.

மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி வீட்டிலேயே இத்தகைய எந்திரம் செய்யும் காணொளிகளை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். அந்த மின்மாற்றி சுமார் 2,000 வோல்ட் தருவது. பக்கத்தில் உள்ள மின்தேக்கி, அடுப்பை அணைத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பார்த்ததோடு விட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு இரண்டு தகட்டுத் துண்டுகளை வைத்து மிதித்தார். ஒரு 'டக்'. பொறி இல்லை. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்தே இருந்தது. பற்று நன்றாக இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பிய்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தகட்டை வைஸில் இறுக்கி, மற்றதை இடுக்கியால் சுருட்டி உரித்தார். பற்று விடவில்லை, தகடே கிழிந்தது. கையோடு வந்த தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. வைஸில் இருந்த தகட்டில் பொத்தான் போல ஒரு பருப்பு நின்றது. காலிப்பரால் அளந்தோம். சரியாக 5 மி.மீ. இருந்தது.