ஸிலிக்கனில் பிறக்கும் ஒளி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும், மெதனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் இரையானார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் இந்திய சர்க்கார் தேசிய குவாண்டம் திட்டத்திற்கு 6,003.65 கோடி ரூபாய் அனுமதித்திருந்தனர். "விஷச் சாராயத்தைத் தடுக்க இயலாத தேசத்துக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று தேச ஊழியர்கள் வினவுவது நியாயமே. மழுப்பாமல் விடையளிப்பது நம் கடமை.

கணிப்பொறிகளுக்கு உயிர்நாடியான ஸிலிக்கன், மணலிலிருந்து பெறப்படுவது. அதன் படிகத்தில் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. தூய ஸிலிக்கன் ஒளி உமிழ்வதில் மிக மந்தமானது. ஆனால் கரி அணுக்கள் புகுந்து அணிவகுப்புக் குலைந்த சில இடங்கள், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைத் தருகின்றன. இரண்டு கரி அணுக்களும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த 'டி' மையம் இவற்றுள் விசேஷமானது. அதன் ஒளியலை நீளம் சுமார் 1,326 நானோமீட்டர். தெருக்களின் கீழ்ப் புதைந்துள்ள கண்ணாடி இழைகளில் அதிக நஷ்டமின்றிச் செல்லத்தக்கது. எலெக்ட்ரானின் சுழற்சி செய்தியைக் காத்து வைக்கும். ஒளி அதை வெளியே கொண்டு செல்லும். 2022-இல் கனடாவின் ஸைமன் பிரேஸர் சர்வகலாசாலையார் இம்மையங்களைத் தனித்தனியே கண்டறிந்து பிரசுரித்தனர். இன்னும் கடுங்குளிரில்தான் இது நடைபெறுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

படிகக் குறையின் ஒளி நம்மவர்க்குப் புதிதன்று. திருச்சியில் பிறந்த ஸி. வி. ராமன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். அவரிடம் பணியாற்றிய அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர்; 30-க்கும் மேற்பட்ட வைரங்களைப் பரிசோதித்து, 1942 முதல் 1945 வரை 5 கட்டுரைகள் வெளியிட்டார். அவ்வொளியில் பெரும்பகுதி நைட்ரஜன் முதலிய குறைகளால் பிறப்பது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று சென்னை சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டத்தை மறுத்தது. அவர் வானிலைக் கருவித் துறைக்குச் சென்று அங்கே புகழ் பெற்றார். வைர ஆராய்ச்சி அவரை இழந்தது.

இனி வினாவுக்கு வருவோம். சாராயத்தைத் தடுப்பது நிர்வாகத்தின் வேலை. அதில் தவறியவர்களுக்கு விஞ்ஞானம் சாக்காகாது. விஞ்ஞானத்தைக் கைவிடுவதால் கருணாபுரத்து ஏழைக்கு ஒரு காசும் கிட்டாது. அந்நிய தேசத்துச் சிப்புக்கு விலை கொடுக்கும் நிலையே நீடிக்கும். ஆனால் பொதுஜனப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் அவ்வேழையின் பிள்ளைக்கும் பங்கு வேண்டும். குவாண்டம் செய்தித்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. கருணாபுரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் அதன் வாசல் எட்டுமா? அங்குள்ள பள்ளிகளுக்குப் பரிசோதனைச் சாலையும், மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் கேட்டுப் போராடுங்கள். தகுதியுள்ளவரை ஒரு காகிதத்தைக் காட்டித் திருப்பியனுப்பும் பிழையை நம் தேசம் இரண்டாம் முறை செய்யலாகாது.