குறைவாக ஓடும் காரில் ஏன் ஆயில் சகதியாகிறது?

"வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடல, எதுக்கு ஆயில் மாத்தணும்?" பாகூரில் இருக்கும் என் மாமா இப்படியே இரண்டரை வருஷம் ஓட்டினார். போன மாசம் அரியாங்குப்பம் டிராஃபிக்கில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்கியது. மெக்கானிக் சேம்பரைக் கழற்றினால் அடியில் கருப்புக் களிம்பு. ஆயில் உறிஞ்சும் வலையில் பாதி அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேரிங் போயிருக்குமாம். அதற்கப்புறம் தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எரியாத பெட்ரோலோடும் புகைக்கரியோடும் ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, பிசிவி வால்வு வழியே வெளியேறும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் சூடாவதைவிட ஆயில் சூடாக அதிக நேரமாகும். ரேஷன் கடை, ஸ்கூல், பேங்க் என்று இரண்டு மூன்று கிலோமீட்டரில் வண்டியை அணைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். அது அமிலமாகும், கரியைத் திரட்டும், கடைசியில் சகதியாகும்.

அதிகச் சூடும் ஆகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் சுமார் இரட்டிப்பாகும். டொயோட்டாவே இதில் மாட்டியது: 1997 முதல் 2002 வரை வந்த சில மாடல்களில் சகதிப் புகார்கள் குவிய, 2002-இல் அமெரிக்காவில் சிறப்பு உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று.

என்ன செய்யலாம்?

1. கிலோமீட்டரோடு மாதக் கணக்கையும் பாருங்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. குறுந்தூர ஓட்டம், தூசி இருந்தால் பல மேனுவல்கள் இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. நான் ஆறு மாசம் என்று வைத்திருக்கிறேன்.

2. வாரம் ஒருமுறை நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வில்லியனூர்க்காரர்களுக்கு விழுப்புரம் ரோடு இருக்கிறது. காலையில் ஐந்து நிமிஷம் சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது ஈரத்தைத்தான் சேர்க்கும்.

3. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுங்கள். பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஈரம். கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

5. சகதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டால் ஃப்ளஷ் ஊற்ற வேண்டாம். பெயர்ந்த கட்டி வலையை அடைக்கலாம். சேம்பரைக் கழற்றிக் கழுவுவதே பத்திரம்; மாமா வண்டிக்கும் அதைத்தான் செய்தோம்.